பரிசம் கொடுத்த கை, வரதட்சணை கேட்கும் கையானது எப்படி?

(நமது மன்றத்தின் குடும்பக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

அடுப்பை அணைத்தும் அணைக்காமலும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பட்டறையிலிருந்தும் கடையிலிருந்தும் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே!

'வரதட்சணை ஒழிக' என்று நாம் முழங்காத மேடை இல்லை. கைதட்டலும் கிடைக்கிறது. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகிறோம். மகனுக்குப் பெண் பார்க்க ஊருக்குப் போன் போடுகிறோம். முதல் கேள்வி என்ன? 'பெண் என்ன படித்திருக்கிறது?' என்றா கேட்கிறோம்? இல்லை. 'எத்தனை பவுன் போடுவார்கள்?' என்றுதான் கேட்கிறோம். மேடைக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு. இதை எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். செயற்குழுவில் இருப்பவர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் பவுன் பேசப்பட்டிருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆகவே இன்று முழக்கம் வேண்டாம், கணக்குப் பார்ப்போம். கல்யாணத்தில் யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள், அந்தக் கணக்கு எப்போது தலைகீழாகப் புரண்டது, புரட்டியதில் நமக்குப் பங்கு உண்டா இல்லையா என்று பார்ப்போம். 'இது தொன்றுதொட்டு வரும் வழக்கம், நம்மால் என்ன செய்ய முடியும்?' என்று சொல்லுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில் சொல்லும்.

நம் பாட்டிக்குப் பரிசம் போட்டார்கள்

இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம், சேலம், ஆர்க்காடு பகுதிகளிலிருந்து வந்தவர்கள். வீட்டிலே வயது முதிர்ந்த ஆத்தாவோ பாட்டியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'உனக்குக் கல்யாணம் ஆனபோது யார் பணம் கொடுத்தது?' என்று கேளுங்கள். நம்மில் பல குடும்பங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் கொண்டுவந்தார்கள்.'

உழுது பாடுபட்ட சாதிகளில், கூலி வேலை செய்த சாதிகளில், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசப் பணம் கொடுப்பதே பரவலான வழக்கமாக இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற நூலைப் புரட்டினால், சாதிக்குச் சாதி இந்தப் பரிச வழக்கம் பதிவாகியிருப்பதைப் பார்க்கலாம். மாப்பிள்ளைக்குத் தட்சணை கொடுக்கும் வழக்கம் பார்ப்பனரிடத்திலும் வசதி படைத்த சில மேல்சாதிகளிடத்திலும்தான் வேரூன்றியிருந்தது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இன்றைக்கும் நிச்சயதார்த்தத்தைப் 'பரிசம் போடுதல்' என்றுதான் பல ஊர்களில் சொல்லுகிறோம். சொல் அப்படியே இருக்கிறது. பணம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது!

பரிசம் ஏன் கொடுத்தார்கள்? பெண்ணின் மேல் இருந்த மரியாதையினாலா? அப்படிச் சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். நாற்று நட்டவள் பெண். களை பறித்தவள் பெண். கதிர் அறுத்தவள் பெண். ஆடு மாட்டைப் பார்த்தவள், தண்ணீர் சுமந்தவள், நெல் குத்தியவள் பெண். அவள் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் உழைக்கும் இரண்டு கைகள் குறைகின்றன. இந்த வீட்டில் இரண்டு கைகள் கூடுகின்றன. குறைந்த வீட்டுக்குக் கூடிய வீடு கொடுத்த ஈடுதான் பரிசம்.

இது நாம் மட்டும் சொல்லும் செய்தி அல்ல. எஸ்டர் போசரப் என்ற டென்மார்க் நாட்டுப் பொருளாதார அறிஞர், பொருளாதார வளர்ச்சியில் பெண்களின் பங்கைப் பற்றி 1970-இல் ஒரு நூல் எழுதினார். எங்கெல்லாம் பெண்கள் வயலில் இறங்கிப் பெருமளவு வேலை செய்கிறார்களோ, அங்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுக்கிறார்கள். எங்கெல்லாம் பெண்ணை வயல் வேலையிலிருந்து விலக்கி, அவளை ஆணின் சம்பாத்தியத்தில் உண்பவளாகக் கருதுகிறார்களோ, அங்கெல்லாம் பெண் வீட்டார் பணம் கொடுக்கிறார்கள் என்று ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளை ஒப்பிட்டு அவர் எடுத்துக்காட்டினார். நம் பாட்டியின் கதையும் அதற்குள் அடங்குகிறது.

பரிசக் காலம் பொற்காலமா?

'அப்படியானால் பழைய பரிசத்துக்கே திரும்பிவிடலாமே' என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். அதுவும் தவறு. பரிசம் பெண்ணின் கைக்கு வரவில்லை. அவள் தகப்பன் கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதி நகையாகப் பெண்ணுக்கே திரும்பி வந்த இடங்களும் உண்டு. ஆனால் விலை பேசியவர்கள் ஆண்கள், பேசப்பட்டவள் பெண். கணவனோடு வாழ முடியாமல் அவள் தீர்த்துக்கொண்டு வந்தால், 'பரிசத்தைத் திருப்பிக் கொடு' என்று பஞ்சாயத்து கூடும்.

அது மட்டுமல்ல. பரிசம் கொடுக்க வழியற்ற ஏழை இளைஞன் என்ன செய்தான்? மிராசுதாரரிடம் போய்க் கை நீட்டினான். கல்யாணச் செலவுக்கு வாங்கிய அந்தக் கடனுக்காகப் பண்ணையாளாகக் கட்டுண்டான். அவன் பட்ட கடனுக்கு அவன் மனைவி உழைத்தாள், மகன் உழைத்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தபோது, ஒழிக்கப்பட வேண்டிய கடன்களில் கல்யாணக் கடனும் முக்கியமானதாக இருந்தது. ஏழையின் வீட்டில் மேளம் கொட்டிய நாளே அவன் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்த நாளாகவும் இருந்தது. இதை மறந்துவிட்டுப் பழமை பேசுவது நமக்கு அழகல்ல.

ஆனாலும் பழைய கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் அன்றைக்குச் சுற்றி வந்தது. அத்தை மகள், மாமன் மகன் என்று முறைக்குள் கொண்டு கொடுத்தபோது, ஒரு தலைமுறையில் போன சீர் அடுத்த தலைமுறையில் வேறொரு வழியாகத் திரும்பி வந்தது. அண்ணன் வீட்டுப் பெண்ணைத் தங்கை வீட்டில் கொடுக்கும்போது எவ்வளவு கசக்கிப் பிழிய முடியும்? நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே!

மொய்யையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் நோட்டுப் போட்டு, ஊர், பெயர், தொகை எழுதி வாங்குகிறோம். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். பத்திரமும் வட்டியும் இல்லாத கடன் அது. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் ஏழை எளியவர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட வங்கி. மொய் திரும்பி வரும் பணம். வரதட்சணையோ போனால் திரும்பாத பணம். இரண்டையும் 'வழக்கம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது சரியா என்று கேட்கிறோம்.

கணக்கு எப்போது புரண்டது?

ஆங்கிலப் படிப்பும் அரசாங்க உத்தியோகமும் வந்தன. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஆண் ஒரு புதிய சரக்காகச் சந்தைக்கு வந்தான். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். அவர்களைத் தேடிய பெண்ணைப் பெற்றவர்கள் நிறையப் பேர். விலை ஏறியது. சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ் வரதட்சணை பற்றி 1984-இல் வெளியிட்ட சிறு நூலில், இன்றைய வரதட்சணை பழைய கன்னிகாதானத்தின் தொடர்ச்சி அல்ல, படிப்பும் சம்பள வேலையும் பணப் பொருளாதாரமும் சேர்ந்து பெற்ற புதிய பிள்ளை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

மேல்சாதியில் தொடங்கியது மற்றவர்களுக்கும் பரவியது. எப்படிப் பரவியது? கையில் நாலு காசு சேர்ந்ததும், 'எங்கள் வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போவதில்லை' என்று சொல்லிக்கொள்வது கௌரவமாயிற்று. வேலைக்குப் போகாத பெண் 'சும்மா இருப்பவள்' ஆனாள். சும்மா இருப்பவளுக்கு எதற்குப் பரிசம்? அவளுக்குச் சோறு போடப் போகிறவனுக்கல்லவா பணம் கொடுக்க வேண்டும்! இப்படித்தான் பெண்ணின் உழைப்பு கணக்கு நோட்டிலிருந்து அடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஆணின் சம்பளம் எழுதப்பட்டது. பணம் திசை மாறியதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற கட்டும் தளர்ந்தது. படித்த மாப்பிள்ளையை அந்நியத்தில் தேடினார்கள். அந்நியத்தில் கொடுத்த பணம் சுற்றி வருவதில்லை. அந்நியன் கேட்கவும் கூசுவதில்லை.

இதன் கொடுமையை உசிலம்பட்டியில் நாடே பார்த்தது. அங்கே பரிசம் வாங்கிப் பழகிய மக்கள்தான் வாழ்ந்தார்கள். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. தண்ணீர் கிடைத்தவர்கள் பணப்பயிர் வைத்தார்கள், வசதி பெற்றார்கள். வசதி பெற்ற குடும்பங்களில் தொடங்கிய வரதட்சணை, தண்ணீர் கிடைக்காத குடும்பங்களையும் பிடித்துக்கொண்டது என்று அந்தப் பகுதியை ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1980-களின் நடுவில் அங்கே பெண் சிசுக் கொலை நடப்பது பத்திரிகைகளில் வெளியாகி எல்லோரையும் உலுக்கியது. 1992-இல் சேலத்தில் அரசாங்கமே தொட்டில் வைத்து, 'கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. ஒரு காலத்தில் பரிசம் கொண்டுவரும் பிள்ளையாக இருந்தவள், பிறந்த அன்றே கடன்காரியானாள். அந்தத் தாய்க்குக் கல் நெஞ்சு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவள் கணக்கை எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்பதுதான் நேர்மை.

நாம் செய்தது என்ன?

இனி நம் கதைக்கு வருவோம். நம் தாத்தாக்களும் தகப்பன்மார்களும் பம்பாய்க்கு எதற்கு வந்தார்கள்? பஞ்சம் பிழைக்க வந்தார்கள். சாதிக் கொடுமைக்குத் தப்பி வந்தார்கள். தாராவித் தோல் கிடங்குகளில் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு உழைத்தார்கள். பஞ்சாலையில், துறைமுகத்தில், ரயில்வேயில், பட்டறையில் வேலை செய்தார்கள். இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள்.

அந்த மணியார்டர் ஊரில் என்ன செய்தது? ஓலைக் கூரை ஓட்டுக் கூரை ஆனது, தம்பி படித்தான், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் 'பம்பாய் மாப்பிள்ளை' என்று ஒரு புதிய சரக்கையும் அது உண்டாக்கியது. ஊரில் காட்டு வேலை செய்பவனுக்கு ஒரு விலை, பம்பாயில் மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு விலை. அவன் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழும்புவது ஊருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை, பம்பாய் பம்பாய்தான்! பிறகு வளைகுடா நாட்டு மாப்பிள்ளை வந்தார், கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வந்தார். ஒவ்வொருவரும் விலையை ஏற்றிவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் நாமும் நின்றோம்.

1982 ஜனவரி 18-ஆம் நாள் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வெளியே வந்தார்கள். பலருக்கு அந்த வேலை திரும்பவே கிடைக்கவில்லை. ஒன்றைக் கவனித்தீர்களா? சம்பளம் போனது, சம்பளத்தைக் காட்டி ஏற்றிய விலை இறங்கவில்லை. நிலையான வேலைக்கு என்று சொல்லி ஆரம்பித்த வரதட்சணையை, இன்று தினக்கூலி வாங்குகிறவனும் கேட்கிறான். காரணம் போன பிறகும் காரியம் நிற்கிறது. இதைத்தான் நாம் 'சம்பிரதாயம்' என்கிறோம்.

ஒரு வீட்டின் கணக்கு

இனி ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். யார் வீட்டையும் குறிப்பிடவில்லை. இது நம்மில் எந்த வீடாகவும் இருக்கலாம். தகப்பன் பட்டறையில் வேலை செய்து மாதம் 18,000 ரூபாய் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் போக, சீட்டுக் கட்டி மாதம் 4,000 மிச்சம் பிடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மகளுக்கு 20 பவுன் கேட்கிறார்கள். 1980-இல் ஒரு பவுன் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். 2024-இல் அது ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. ஐம்பதாயிரம் என்றே வைத்தாலும் 20 பவுன் பத்து இலட்சம். மாதம் 4,000 வீதம் பத்து இலட்சம் சேர்க்க 250 மாதம் வேண்டும். அதாவது இருபது வருடம் பத்து மாதம். மண்டபம், சாப்பாடு, கட்டில், பீரோ இந்தக் கணக்கில் சேரவில்லை. பெண் பிறந்த அன்று தொடங்கினாலும் கல்யாணத்தன்றுதான் நகை முடியும். நடுவில் ஒரு நோய் வந்தால், ஒரு மாதம் வேலை இல்லாமல் போனால், அதுவும் முடியாது.

முடியாதபோது என்ன செய்கிறோம்? சேட்டுக் கடைக்குப் போகிறோம், கந்துவட்டிக்குப் போகிறோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு மூன்று இலட்சம் வாங்கினால் மாதம் 9,000 வட்டி மட்டுமே. 18,000 சம்பளத்தில் பாதி! முதல் அப்படியே நிற்கிறது. அதற்கும் வழியில்லாதபோது, முப்பது வருடம் உழைத்து வாங்கிய ரூமை விற்கிறோம். அதை விற்றுவிட்டு மறுபடி வாடகைக்குப் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டா, இல்லையா? பண்ணையாளின் கல்யாணக் கடனைப் பற்றி முன்பு சொன்னோமே, மிராசுதாரரை விட்டு ஆயிரம் மைல் ஓடிவந்த பிறகும் அந்தக் கடனை நாமே தேடிப் போய்த் தோளில் ஏற்றிக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கில் ஒருவரை விட்டுவிட்டோம். அந்த வீட்டுத் தாய். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறவள் அவள். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். தண்ணீருக்கு நிற்பதும், பிள்ளையைப் பார்ப்பதும், மாமியாருக்கு மருந்து கொடுப்பதும் அவள்தான். கூலி வாங்கும் வேலையை விட்டுவிடுவோம். வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு மட்டும் மாதம் 6,000 என்று மிகக் குறைத்து மதிப்புப் போடுங்கள். வருடத்துக்கு 72,000. முப்பது வருடத்துக்கு 21,60,000 ரூபாய். இவ்வளவு உழைப்பைக் கொண்டுவருகிறவளிடம், 'உன்னை வைத்துக் காப்பாற்றப் பத்து இலட்சம் கொடு' என்று கேட்கிறோம். கடன் பட்டவன் கடன் கொடுத்தவனிடம் வட்டி கேட்பது போல் இருக்கிறது இது!

தாலிக்காக அடகு வைத்த இளமை

இந்தக் கணக்கின் உச்சத்தைக் கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பக்கத்திலும் பார்த்தோம். நூற்பு ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பேரைப் பாருங்கள், எவ்வளவு மங்களகரம்! வறண்ட மாவட்டங்களில் ஏழை வீட்டு இளம்பெண்களைத் தேடிப் பிடித்து, ஆலை விடுதியில் அடைத்து, மூன்று வருடம் வேலை வாங்கி, முடிவில் ஒரு மொத்தத் தொகை கொடுப்பது. 'கல்யாணச் செலவுக்கு ஆகும்' என்று பெற்றவர்களிடம் சொன்னார்கள். மாதாமாதம் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்து, அதையே கடைசியில் வெகுமதி போலக் காட்டினார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வெளியேறிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகையும் கிடைக்கவில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கியதுதான் மிச்சம்.

மாப்பிள்ளை வீட்டார் பவுன் கேட்காமல் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு அந்தப் பேரே வைத்திருக்க முடியாது. முதலாளிக்கு மலிவுக் கூலியைப் பிடித்துக் கொடுத்த தரகர் யார்? நம்முடைய கல்யாணச் சந்தைதான். வரதட்சணை குடும்ப விவகாரம், தொழிலாளர் பிரச்சினை வேறு என்று பிரித்துப் பேசுகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டமும் சொத்தும்

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. 1984-இலும் 1986-இலும் அதைத் திருத்தி இறுக்கினார்கள். கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம். குறைந்தது ஐந்து வருடச் சிறை. 15,000 ரூபாய் அல்லது வாங்கிய மதிப்பு, இதில் எது அதிகமோ அந்த அளவுக்காவது அபராதம். பெண்ணுக்கென்று வந்த பொருளை வேறு யார் வாங்கியிருந்தாலும், கல்யாணத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே வழக்குப் போட முடியாது. ஆகவே கொடுத்துவிட்டோமே என்று பயந்து வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. வரதட்சணைச் சாவுக்கு 1986-இல் தனிக் குற்றப்பிரிவு வந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதீய நியாய சன்ஹிதாவின் 80-ஆவது பிரிவாக இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வரதட்சணையால் மாண்டதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. விலை நம் வாயில் இருக்கிறது.

இங்கே சிலர் ஒரு நியாயம் பேசுவார்கள். 'வரதட்சணை என்பது பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் கொடுக்கும் பங்குதானே? நிலத்தைப் பையனுக்கு வைத்துக்கொண்டு பெண்ணுக்கு நகையாகக் கொடுக்கிறோம், இதில் என்ன தவறு?' என்பார்கள். பங்கு என்றால் அது அவள் பெயரில் அல்லவா இருக்க வேண்டும்? அவள் நகை யாருடைய கடையில் அடகு இருக்கிறது? யாருடைய கடனுக்குப் போனது? எந்த நாத்தனார் கல்யாணத்துக்கு உருக்கப்பட்டது? அதோடு விட்டோமா? 'உனக்குத்தான் கல்யாணத்தில் செய்துவிட்டோமே' என்று சொல்லி, அவளிடமே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம். ஒரு கையால் நகையைப் போட்டு மறு கையால் நிலத்தைப் பிடுங்குவதற்குப் பெயர் பங்கா?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தலைமுறையினர் தீர்மானம் போட்டார்கள். இந்துச் சட்டத்தைத் திருத்தப் பாடுபட்ட அண்ணல் அம்பேத்கர், அது முடக்கப்பட்டதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி 1951-இல் மந்திரி பதவியை உதறினார். 1956-இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இலும், நாம் வாழும் மகாராட்டிரம் 1994-இலும் சட்டம் செய்தன. 2005-இல் அது நாடு முழுவதற்குமானது. தகப்பன் 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செங்கற்பட்டிலிருந்து தமிழ்நாட்டுச் சட்டம் வரை 60 வருடம். இவ்வளவு பெரியவர்கள் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த உரிமையை, ஒரு கையெழுத்தில் நம் வீட்டுத் திண்ணையில் வைத்து ஒழித்துவிடுகிறோம்.

சடங்கைச் சுருக்கிச் செலவைக் குறைக்கவும் வழி காட்டிப் போயிருக்கிறார்கள். நாம் பிழைக்க வந்த இந்த மண்ணிலேயே, மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் சத்திய சோதக் சமாஜத்தைத் தொடங்கி, புரோகிதர் இல்லாத திருமணத்தை அந்த ஆண்டே நடத்திக் காட்டினார். நம் நாட்டில் 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் அதற்குச் சட்டம் செய்தார். ஆனால் அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்குரியது. மும்பையில் மாலை மாற்றிக்கொள்ள விரும்பும் இளைஞர்கள், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் பின்னால் சிக்கல் வராது.

இன்னொரு மாற்றத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி கொடுக்க ஆரம்பித்தது. பிற்காலத்தில் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அதையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படித்து முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தாலிக்குப் போன பணம் படிப்புக்குப் போகிறது. அரசாங்கமே கணக்கை மாற்றி எழுதும்போது, நாம் எழுத முடியாதா?

என்ன செய்யப் போகிறோம்?

செயற்குழு நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறது.

முதலாவது: மகளுக்கு என்று கட்டும் சீட்டுப் பணத்தை நகைக்கடையில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். அவள் படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள்.

இரண்டாவது: கேட்காமல் அன்பினால் கொடுக்கும் பொருள் எதுவானாலும் பட்டியல் எழுதி, இரு வீட்டாரும் மணமக்களும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பெண்ணின் கையில் கொடுங்கள். பட்டியல் எழுத வேண்டும் என்பது 1985 முதல் விதியாகவே இருக்கிறது. பட்டியல் எழுதக் கூச்சப்படுகிற சம்பந்தி வீட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள்.

மூன்றாவது: ஊரில் நிலமோ, இங்கே ரூமோ இருந்தால், மகளின் பங்கை மகளுக்கு எழுதுங்கள். அண்ணன் தம்பிமார்களே, உங்கள் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் நீட்டாதீர்கள்.

நான்காவதுதான் முக்கியம். இதுவரை நாம் பெண்ணைப் பெற்றவர்களைப் பார்த்து, 'கொடுக்காதீர்கள், கொடுக்காதீர்கள்' என்று சொல்லி வந்திருக்கிறோம். கழுத்தில் கத்தி இருப்பவனிடம் 'பயப்படாதே' என்று சொன்னோம். அவனால் முடியவில்லை, அவனைக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம். இனி கத்தி பிடித்திருப்பவனிடம் பேசுவோம். மகனைப் பெற்றவர்கள் கேட்காவிட்டால் இந்தச் சந்தை ஒரு நாள்கூட நிற்காது.

வாசல் பக்கம் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மொய் நோட்டு மாதிரிதான். ஆனால் இதில் தொகை எழுதும் இடம் கிடையாது. 'எங்கள் மகன் திருமணத்துக்குப் பணமோ பவுனோ கேட்க மாட்டோம், வாங்க மாட்டோம்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறது. மகனைப் பெற்றவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாண வயதில் நிற்கும் தம்பிகளும் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மன்றம் முழுவதும் வந்து நிற்கும். பந்தி பரிமாறுவது உட்பட எல்லா வேலையும் செய்யும். பவுன் பேசி நடத்தும் கல்யாணத்துக்கு இனிச் செயற்குழுவினர் தலைமை தாங்க மாட்டோம், வாழ்த்துரை வழங்க மாட்டோம். அது எங்கள் சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி.

செயற்குழுவில் மகன் இருப்பவர்கள் அனைவரும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஒருவருக்கு மட்டும் தயக்கம் இருந்தது. மகளுக்கு நகை போட்ட கடன் இன்னும் தீரவில்லை, மகன் கல்யாணத்தில்தான் அதை அடைக்க நினைத்திருந்தார். அவர் சொன்னதில் இருந்த வலி எங்களுக்கும் தெரியும். இந்தச் சுழல் நம்மில் எத்தனை வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறது! தன் கடனை இன்னொரு பெண்ணின் தகப்பன் தலையில் ஏற்றித் தீர்க்கும்வரை இது ஓயாது. யாராவது ஒருவர் தன்னோடு நிறுத்த வேண்டும். கடைசியில் அவரும் போட்டார்.

இனி உங்கள் முறை. போகும்போது வாசலில் கொஞ்சம் நின்று போங்கள்.